பூக்க விடாத பயிரும் பசித்த வௌவாலும்

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் டெக்கீலா என்ற ஊரைச் சுற்றிலும் மலைச்சரிவெங்கும் சாம்பல் பூத்த நீல நிறத்தில் கற்றாழை வரிசை வரிசையாக நிற்கிறது. அந்த நிலக்காட்சியை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கண்ணுக்கு எட்டும் வரை ஒரே செடி, ஒரே நிறம், ஒரே உயரம். ஆனால் கல் கணக்கில் நடந்தாலும் அந்த வயல்களில் ஒரு பூவைப் பார்ப்பது அரிது. பூக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே உழவரின் முதல் வேலை. டெக்கீலா என்ற உலகப் புகழ் பெற்ற மதுவின் தொழில் முழுவதும் இந்த ஒரு செயலின் மேல் நிற்கிறது. அந்தப் பூவை நம்பிப் பல நூறு கல் தொலைவு பறந்து வரும் வௌவால்களின் இன்னலும் இங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர் வேலியோரங்களிலும் ரயில் பாதையோரங்களிலும் முள் நுனியோடு நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு இந்த நீலக்கற்றாழை நெருங்கிய உறவு. ஆனைக்கற்றாழையே மெக்சிகோ மண்ணிலிருந்து நமக்கு வந்ததுதான். அகேவ் என்ற தாவரப் பேரினத்தைச் சேர்ந்த இவற்றில் பெரும்பாலானவை வாழையைப் போலத் தம் வாழ்நாளில் ஒரே முறை பூத்து, காய்த்து, மடிபவை. ஆண்டுக்கணக்கில் இலைகளின் நடுத்தண்டில் சர்க்கரையைச் சேர்த்து வைத்து, காலம் வந்ததும் அத்தனையையும் ஒரே மூச்சில் செலவழித்து வானை நோக்கி ஒரு பூந்தண்டை எழுப்புகின்றன. நீலக்கற்றாழையின் தண்டு நான்கைந்து மீட்டருக்கு மேலும் உயரும். மெக்சிகோக்காரர்கள் அதைக் ‘கியோட்டே’ என்கிறார்கள்.

சேர்த்த சர்க்கரை தண்டுக்குப் போய்விட்டால் மது காய்ச்ச அடியில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே குருத்து தலைகாட்டியதும் வெட்டிவிடுகிறார்கள். அல்லது அதற்கு முன்பே செடியை அறுவடை செய்துவிடுகிறார்கள். நட்ட ஆறேழு ஆண்டில் அறுவடை. நீண்ட கைப்பிடியும் வட்டமான கூரிய அலகும் கொண்ட ‘கோவா’ என்ற கருவியால் ‘ஹிமடோர்’ எனப்படும் தொழிலாளி இலைகளை அடியோடு சீவித் தள்ளுகிறார். எஞ்சுவது முப்பது, நாற்பது கிலோ எடையுள்ள வெளிறிய உருண்டை. அதற்குப் ‘பின்யா’ என்று பெயர். அதை வேகவைத்து, நசுக்கி, சாற்றைப் புளிக்கவைத்து, வடித்தால் டெக்கீலா. ஒரு லிட்டர் நல்ல டெக்கீலாவுக்கு ஏறக்குறைய 7 கிலோ பின்யா வேண்டும்.

பூ இல்லையென்றால் விதை இல்லை. விதை இல்லாமல் அடுத்த பயிர் எப்படி? தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடுகிறார்கள். ஒவ்வொரு கன்றும் தாயின் அச்சு அசலான படி. தாயும் அதன் தாயின் படி. தலைமுறை தலைமுறையாக, குறிப்பாக வணிகப் பெருக்கம் வந்த பிறகு, இப்படியே நடந்திருக்கிறது. டெக்கீலாவுக்கு நீலக்கற்றாழை என்ற ஒரே இனத்தைத்தான் பயன்படுத்தலாம் என்று சட்டமும் சொல்கிறது. 1974 முதல் ‘டெக்கீலா’ என்ற பெயரே ஹலிஸ்கோவுக்கும் இன்னும் நான்கு மாநிலங்களின் சில பகுதிகளுக்கும் மட்டும் உரிய புவிசார் உரிமை. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், வயலுக்கு வயல் செடிகளுக்கிடையே வேறுபாடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை என்று கண்டார்கள். கோடிக்கணக்கான செடிகள் நின்றாலும் மரபில் அவை கிட்டத்தட்ட ஒரே செடி.

இனி வௌவால்.

பூவை நாடி வரும் வௌவால்களில் மூன்று இனங்கள் இந்தக் கதைக்கு முக்கியம். சிறிய நீள்மூக்கு வௌவால், மெக்சிகோ நீள்மூக்கு வௌவால், மெக்சிகோ நீள்நாக்கு வௌவால். முதல் இரண்டும் ‘லெப்டோநிக்டெரிஸ்’ என்ற பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவினர். எடை 20, 25 கிராம் அளவுதான். நீண்ட முகம், மூக்கின் நுனியில் சிறு இலை போன்ற மடல், சிறிய பற்கள், முகத்தைவிட நீளும் நாக்கு. இந்த நாக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தேன் வௌவாலை 2013-இல் அதிவேகப் படக்கருவியில் பதிவு செய்து பார்த்தார்கள். நாக்கு பூவுக்குள் நீளும்போதே அதன் நுனியில் படிந்திருக்கும் மயிர் போன்ற இழைகளுக்குள் ரத்தம் பாய்கிறது. இழைகள் விறைத்து எழுந்து விரிகின்றன. தேன் அவற்றின் இடைவெளிகளில் ஏறிக்கொள்கிறது. நாக்கு உள்ளே திரும்பும்போது இழைகள் படிகின்றன. கண் இமைக்கும் நேரத்துக்குள் இவ்வளவும் முடிகிறது. வௌவால் பூவின் மேல் அமர்வதுகூட இல்லை. சிறகடித்தபடியே அந்தரத்தில் ஒரு கணம் நின்று குடித்துவிட்டு விலகிப்போகிறது.

கற்றாழைப் பூவும் இரவு விருந்தாளிக்காகவே அமைந்தது. இருட்டும் நேரத்தில் மகரந்தப்பைகள் வெடிக்கின்றன; தேன் சுரப்பதும் பெரும்பாலும் இரவில்தான். மங்கிய மஞ்சள் நிறம், கனத்த வாசம். பூங்கொத்துகள் உயரத்தில் கிளைத்து விரிந்திருப்பதால் சிறகு தட்டாமல் நெருங்க முடிகிறது. தேன் தேடி முகத்தைப் புதைக்கும் வௌவாலின் தலையும் கழுத்தும் மார்பும் மகரந்தத்தால் மஞ்சளாகிவிடுகின்றன. அது அடுத்த பூவுக்கும் அடுத்த செடிக்கும் போகிறது. இடையிடையே எங்காவது தொங்கியபடி, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கித் தின்கிறது. தேனில் சர்க்கரை உண்டு, புரதம் மிகக் குறைவு. புரதத் தேவையை மகரந்தம் தீர்க்கிறது. வௌவால் நாடும் பூக்களின் மகரந்தத்தில் புரதம் மிகுதி என்பதை 1970களிலேயே எடுத்துக்காட்டியவர் டோனா ஹோவெல் என்ற ஆய்வாளர். அரிசோனாவின் கற்றாழைகளுக்கும் வௌவால்களுக்கும் உள்ள உறவை உலகம் கவனிக்கத் தொடங்கியது பெரும்பாலும் அவருடைய ஆய்வுகளுக்குப் பிறகுதான்.

வௌவால் இல்லாவிட்டால் கற்றாழையின் விதை உற்பத்தி மூவாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்ற கணக்கு இதழ்களிலும் விளம்பரங்களிலும் அடிக்கடி வருகிறது. இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பின்னர் நடந்த கள ஆய்வுகள், சில கற்றாழை இனங்களுக்குத் தேனீ, அந்துப்பூச்சி, ரீங்காரச்சிட்டு ஆகியவையும் கணிசமாக உதவுவதைக் காட்டின. இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் நிலைமை வேறுபடுகிறது. ஆனால் ஒரு வேலையில் வௌவாலுக்கு ஈடு இல்லை. தேனீ சில கிலோமீட்டருக்குள் சுற்றுகிறது. சொனோரா பாலைக் கரையோரம் தியோடர் ஃபிளெமிங் குழுவினர் சிறிய நீள்மூக்கு வௌவால்களுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, திபுரோன் தீவில் தங்கியவை கடலைத் தாண்டி நிலப்பகுதிக்கு வந்து மேய்ந்துவிட்டு விடிவதற்குள் திரும்புவதைக் கண்டார்கள். ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறந்தவையும் உண்டு. ஒரு மலையின் மகரந்தத்தை இன்னொரு மலைக்கு எடுத்துப் போக, சிதறி நிற்கும் கற்றாழைக் கூட்டங்களை மரபளவில் ஒன்றாகக் கட்டிவைக்க, இந்தத் தொலைவு வேண்டும்.

ஆண்டு முழுவதும் இந்த வௌவால்களின் வாழ்க்கை ஒரு நீண்ட பூப்பாதையில் நடக்கிறது. குளிர்காலத்தை மெக்சிகோவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் கழிக்கும் சிறிய நீள்மூக்கு வௌவால்களில், கருவுற்ற பெண்கள் வசந்தத்தில் வடக்கே கிளம்புகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். சகுவாரோ, கார்டோன் போன்ற நெடுங்கள்ளிகள் வழியில் அடுத்தடுத்துப் பூக்கின்றன. சொனோராவின் பினகாத்தே எரிமலைப் பகுதிக் குகையில் லட்சத்துக்கும் மேற்பட்ட தாய் வௌவால்கள் கூடுகின்றன. ஒன்றுக்கு ஒரே குட்டி. குட்டிகள் பறக்கத் தொடங்கிய பின் அரிசோனாவின் தென்கிழக்கு மலைகளில் கோடைக் கடைசியில் பூக்கும் கற்றாழைகளுக்குப் போய், கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு தெற்கே திரும்புகின்றன. இந்தப் பாதையில் ஒரு கட்டத்தில் பூ இல்லாமல் போனால் அடுத்த கட்டத்துக்குப் போய்ச் சேர வலு இருக்காது.

பாதையின் பூவைக் குறைத்தவற்றில் டெக்கீலா வயலும் ஒன்றுதானே தவிர, வௌவாலைக் கொன்ற முதல் காரணம் அதுவல்ல. லத்தீன் அமெரிக்காவில் கால்நடையின் ரத்தம் குடிக்கும் வௌவால் ஒன்று இருக்கிறது. அது வெறிநோயைப் பரப்பிக் கால்நடைகளைக் கொல்கிறது. அந்தப் பயத்தில் மக்கள் குகைகளுக்குத் தீ வைத்தார்கள், வெடி வைத்துத் தகர்த்தார்கள், வாயிலை அடைத்தார்கள். ரத்தம் குடிக்கும் இனம் சிறு கூட்டங்களாக வாழ்வது. பெருங்குகைகளில் லட்சக்கணக்கில் தொங்கியவையோ பூச்சி தின்பவையும் தேன் குடிப்பவையும். யாருக்கும் தீங்கு செய்யாத உயிர்கள் வேறோர் உயிரின் பெயரால் செத்தன. கைவிடப்பட்ட சுரங்கங்களில் மனிதர் நுழைவதும், மேய்ச்சலுக்கும் வேளாண்மைக்கும் கள்ளிக்காடுகளை அழித்ததும் மீதியைச் செய்தன.

1988-இல் அமெரிக்க அரசு லெப்டோநிக்டெரிஸின் இரண்டு இனங்களையும் அழியும் நிலையில் உள்ளவை என்று பட்டியலிட்டது. அப்போது அறியப்பட்ட 14 தங்குமிடங்களில் சிறிய நீள்மூக்கு வௌவால் ஆயிரத்துக்கும் குறைவாகவே இருப்பதாகக் கருதினார்கள். 2018-இல் 75 தங்குமிடங்களில் ஏறக்குறைய 2 லட்சம். அந்த ஆண்டு ஏப்ரலில் அந்த இனம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது; மீண்டெழுந்ததால் அமெரிக்கப் பட்டியலிலிருந்து வெளியேறிய முதல் வௌவால் அது. மெக்சிகோ 2013-லேயே நீக்கியிருந்தது. ஆயிரம் இரண்டு லட்சமானது என்று படிக்கும்போது மனம் துள்ளுகிறது. ஆனால் 14 இடங்கள் 75 ஆனதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தொடக்கக் கணக்கே குறைவு, வௌவால் வேறு இடங்களில் இருந்திருக்கலாம் என்று 1990களின் தொடக்கத்திலேயே சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். வளர்ச்சியில் ஒரு பங்கு உண்மையான பெருக்கம், ஒரு பங்கு நன்றாகத் தேடியதன் பலன். இதை ஒப்புக்கொள்வதால் மீட்பின் பெருமை குறைந்துவிடாது. தேடியதும் காத்ததும் ஒரே மனிதர்கள்தான்.

அவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் ரொட்ரிகோ மெதெயீன். மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் ஆய்வாளர். 1994-இல் மெக்சிகோ வௌவால்களைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இவரைப் பற்றி பிபிசி 2014-இல் ஒரு ஆவணப்படமே எடுத்தது. அவருடைய திட்டம் குகையைப் பூட்டுவதோடு நிற்கவில்லை. குகையைச் சுற்றியுள்ள ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. எந்த வௌவால் ரத்தம் குடிக்கும், எது குடிக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. பெற்றோர் மூட்டிய தீயைப் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் பழைய சுரங்க வாய்களுக்கு, வௌவால் போகவும் ஆள் நுழையாமலும் இருக்கும்படிக் கம்பிக் கதவு போட்டார்கள். ராணுவப் பயிற்சி நிலத்தில் கற்றாழை நிற்கும் பகுதிகளைத் தீயிலிருந்து காத்தார்கள். தென் அரிசோனாவின் வீட்டுக்காரர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்தார்கள்: ரீங்காரச்சிட்டுக்காகத் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகள் இரவோடு இரவாகக் காலியாகின்றன. குடித்தவை வௌவால்கள். எந்த இரவில் எவ்வளவு குறைந்தது என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் குறித்து அனுப்பிய தகவல், வௌவால் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று அறிய அதிகாரிகளுக்குப் பயன்பட்டது.

இப்போது டெக்கீலா பக்கம் வருவோம். 1990களின் இறுதியில் ஹலிஸ்கோவின் கற்றாழை வயல்களில் வாடலும் அழுகலும் பரவின. பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து தாக்கின. ஒரு செடிக்கு நோய் தாங்கும் வலு இல்லையென்றால் அதன் படிகளான பக்கத்துச் செடிகளுக்கும் இல்லை. அதே நேரத்தில் உலகச் சந்தையில் டெக்கீலாவின் தேவை ஏறியது. கிலோ ஒரு பெசோவுக்கும் கீழே கிடந்த பின்யா 2000-இல் பத்து பெசோவைத் தாண்டியது. காட்டுக் கற்றாழை எவ்வளவோ நோய்களைக் கண்டு தப்பியது விதையின் மூலம்தான்: ஒவ்வொரு விதையும் தாய் தந்தையிடமிருந்து புதுக் கலப்பைப் பெறுகிறது, கோடியில் சிலவற்றுக்கு எதிர்ப்பு இருக்கிறது, அவை பிழைக்கின்றன. டெக்கீலா தொழில் அந்தச் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவதை நிறுத்தி வெகு காலம் ஆகியிருந்தது.

மெதெயீன் டெக்கீலா நிறுவனங்களிடம் இதைச் சொன்னபோது முதலில் கேட்க ஆளில்லை. பல ஆண்டு கழித்து அவருக்குக் கிடைத்த துணை டேவிட் சூரோ. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உணவகம் நடத்தும் மெக்சிகோக்காரர். பழைய முறை டெக்கீலாவையும், கற்றாழையில் காய்ச்சும் இன்னொரு மதுவான மெஸ்காலையும் காக்க ‘டெக்கீலா இன்டர்சேஞ்ச் புராஜெக்ட்’ என்ற அமைப்பை நடத்தியவர். இருவரும் முன்வைத்த யோசனை எளிது. வயலில் 5 சதவீதச் செடிகளைப் பூக்க விடுங்கள். ஹெக்டேருக்கு 222 செடி. ஒரு ஹெக்டேரில் இவ்வளவு பூத்தால் 89 வௌவால்கள் பசியாறும் என்பது அவர்கள் கணக்கு. பூக்க விட்டதை ஆய்வாளர்கள் வயலுக்கு வந்து சரிபார்ப்பார்கள். தேறிய வயலில் விளைந்த மதுவின் புட்டியில் ‘வௌவாலுக்கு நட்பான’ என்ற பொருள்படும் முத்திரை ஒட்டப்படும். 2016-இல் முத்திரை பெற்ற முதல் டெக்கீலாக்களும் மெஸ்கால்களும் விற்பனைக்கு வந்தன. டெக்கீலா ஓச்சோ, தப்பத்தியோ, சியெம்ப்ரா வாயேஸ் போன்ற, அளவில் சிறிய, பெயரில் பெரிய தயாரிப்புகள். அரான்தாஸ் ஊரில் பரம்பரையாக மது காய்ச்சும் குடும்பத்தின் கார்லோஸ் கமரேனா போன்றவர்கள் முன்வந்தது மற்றவர்களுக்கும் தைரியம் கொடுத்தது.

222 செடி என்பது உழவருக்கு எவ்வளவு? பின்யா ஒன்று 40 கிலோ என்று வைத்துக்கொண்டால் 8,880 கிலோ. லிட்டருக்கு 7 கிலோ என்றால் ஆயிரத்து இருநூறு லிட்டருக்கு மேல் டெக்கீலா. பணத்தில் சொல்வதானால் எந்த ஆண்டு என்று கேட்க வேண்டும். 2020களின் தொடக்கத்தில் பின்யா கிலோ 30 பெசோ அளவுக்குப் போனது. அந்த விலையில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 2,66,000 பெசோவை உழவர் பூவுக்கு விட்டுக்கொடுக்கிறார். 2024-இல் விலை 10 பெசோவுக்கும் கீழே சரிந்தது. இழப்பு 88,800 பெசோவுக்கும் குறைவு. ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அறுவடையில் இந்தக் கழிவு. இளைத்த செடிகளையும் வரப்போரச் செடிகளையும் பூக்க விட்டால் இழப்பு இன்னும் குறையும். தாங்க முடியாத பாரம் இல்லை, ஆனால் சும்மாவும் இல்லை. இந்த இழப்பை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. சொந்த வயலும் சொந்தக் காய்ச்சும் சாலையும் வைத்திருப்பவர் முத்திரையின் பெருமையால் விலையைக் கூட்டி ஈடுகட்டலாம். குத்தகை நிலத்தில் விளைத்துப் பின்யாவை மட்டும் விற்கும் சிறு உழவருக்கு அந்தக் கூடுதல் விலையில் பங்கு போய்ச் சேராவிட்டால் அவர் ஏன் பூக்க விட வேண்டும்?

இந்த முத்திரையைப் பற்றி வரும் செய்திகள் பலவற்றில் ஒரு வரிசைப் பிழை இருக்கிறது. டெக்கீலா வௌவாலைக் காப்பாற்றியது என்று எழுதுகிறார்கள். மெக்சிகோ 2013-லேயே சிறிய நீள்மூக்கு வௌவாலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. முத்திரையிட்ட முதல் புட்டி வந்தது 2016-இல். குகைகளும் பள்ளிக்கூடங்களும் கம்பிக் கதவுகளும் செய்த வேலைக்கான புகழ் புட்டிக்குப் போகக்கூடாது. நான் படித்தறிந்த வரையில், வௌவால் டெக்கீலாவுக்குப் பட்ட கடனைவிட டெக்கீலா வௌவாலுக்குப் பட்ட கடன் பல மடங்கு பெரிது. மனிதர் அமெரிக்கக் கண்டத்தில் காலடி வைப்பதற்குப் பல லட்சம் ஆண்டு முன்பிருந்தே கற்றாழையின் பன்மையைப் பேணிய கூட்டாளிகளில் வௌவாலும் ஒன்று. அந்தப் பன்மையிலிருந்து ஒரே ஒரு வடிவத்தைப் பொறுக்கியெடுத்து நட்டுத்தான் இந்தத் தொழில் செழித்தது. 5 சதவீதம் அந்தக் கடனுக்கு வட்டி.

அந்த வட்டியாவது சரியாகக் கட்டப்படுகிறதா என்று பார்க்க, பூவோடு நிறுத்தாமல் விதை வரை போக வேண்டும். வயலில் நிற்பவை எல்லாம் ஒரே செடியின் படிகள் என்றால், அவற்றுக்குள்ளேயே மகரந்தம் மாறுவதால் புது மரபு அதிகம் வந்துவிடாது. சுற்றுப்புற மலைகளில் காட்டு உறவினங்கள் நிற்க வேண்டும். வௌவால் அங்கிருந்து மகரந்தம் கொண்டுவர வேண்டும். விளைந்த விதையை யாராவது சேகரித்து, முளைக்கவைத்து, நோய் தாங்குகிறதா, சர்க்கரை சேர்க்கிறதா என்று பார்த்து வயலுக்குக் கொண்டுவர வேண்டும். நீலக்கற்றாழை மட்டுமே டெக்கீலா என்ற சட்டத்துக்குள் கலப்பு நாற்றுகள் எங்கே பொருந்தும் என்பதும் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல். பூக்க விடுவதன் உடனடிப் பலன் வௌவாலின் இரவுச் சாப்பாடு. பயிருக்கான பலன் நாற்றங்காலில்தான் தொடங்கும். பூவை எண்ணும் முத்திரை நாற்றையும் எண்ண வேண்டும் என்று நான் நினைக்கிறேன். விலை ஏறிய ஆண்டுகளில் ஹலிஸ்கோவில் காட்டை வெட்டியே புது வயல்கள் முளைத்தன. மலையில் காட்டுக் கற்றாழை இல்லாமல் போனால் வயல் நடுவே 222 செடி பூத்தும் கொண்டுவரப் புது மகரந்தம் இருக்காது. காடழித்த நிலத்தில் விளையாதது என்று சான்று தரும் ஏற்பாட்டை மாநில அரசும் டெக்கீலா ஒழுங்குமுறைக் குழுவும் தொடங்கியிருப்பதை, வௌவால் முத்திரைக்கு ஈடான செய்தியாகவே கருதுகிறேன்.

மெஸ்காலில் நிலைமை வேறு. வஹாக்கா, கெர்ரெரோ, மிச்சோவகான் மலைகளில் பல இனக் கற்றாழைகளிலிருந்து அதைக் காய்ச்சுகிறார்கள். அதிகம் பயிராவது ‘எஸ்பதீன்’ என்ற இனம், பக்கக்கன்று விடும். ஆனால் இன்று மதுப்பிரியர்கள் பெருவிலை கொடுத்துத் தேடும் ‘தொபலா’ போன்றவை பக்கக்கன்றே விடுவதில்லை. விதை ஒன்றுதான் வழி. அவற்றைப் பெரும்பாலும் மலையிலிருந்துதான் பிடுங்கிவந்தார்கள், பூப்பதற்கு முன்பு. அப்படிப் பிடுங்கப்பட்ட செடி ஒரு விதையும் விடாமல் போகிறது. புகழ் ஏற ஏற மலை வெறுமையாகிறது. டெக்கீலாவில் வௌவாலை மறந்தும் தொழில் நூறாண்டு ஓடியது. தொபலாவில் பூவை மறந்தால் ஒரு தலைமுறைக்குள் செடியே இராது. இதைக் கண்கூடாகப் பார்த்த சில ஊர்களில் இன்று செடிகளை விதைக்கென்றே விட்டுவைக்கிறார்கள், நாற்று வளர்த்து மலையில் திரும்ப நடுகிறார்கள். அவர்களுக்கு முத்திரை யாரும் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இடையே அழியும் பட்டியலில் இன்னும் இருப்பது மற்ற இனம், மெக்சிகோ நீள்மூக்கு வௌவால். சிறிய உறவினனைவிடக் குளிர்ந்த, உயர்ந்த மலைகளை நாடுவது. அது இணை சேரும் குகையாக உறுதியாக அறியப்பட்டது மொரேலோஸ் மாநிலத்தின் தெபோஸ்த்லான் பக்கத்தில் உள்ள ‘சாத்தான் குகை’ ஒன்றுதான். அங்கிருந்து கருவுற்ற பெண்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, நுவோ லியோன், கொவாவீலா வழியாக, டெக்சஸின் பிக் பெண்ட் மலைகள் வரை போகின்றன. அவற்றின் வடபாதையில் நெடுங்கள்ளிகளின் துணை இல்லை. கற்றாழையை விட்டால் கதியில்லை. எம்மா கோமெஸ்-ருயிஸ் என்ற மெக்சிகோ ஆய்வாளர் தாமஸ் லேச்சருடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, பருவநிலை மாறும்போது இந்த வௌவாலின் இருப்பிடமும் அதன் கற்றாழைகளின் இருப்பிடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் பரப்பு குறைந்தது 75 சதவீதம் சுருங்கும் என்று கணித்தது. செடி ஒரு பக்கம், வௌவால் ஒரு பக்கம் என்று பிரிந்துபோகும் ஆபத்து.

டெக்கீலா வயல்கள் இந்தப் பாதையில் பெரும்பாலும் இல்லை. ஆகவே வடகிழக்கு மெக்சிகோவில் வேலை புட்டியை விட்டுவிட்டு ஊர்ப் பொதுநிலங்களுக்குப் போயிருக்கிறது. 2018 முதல் பன்னாட்டு வௌவால் பாதுகாப்பு அமைப்பும் உள்ளூர்க் குழுக்களும் சேர்ந்து, ‘எஹிதோ’ எனப்படும் கூட்டுநிலங்களில் அந்தந்த மண்ணின் கற்றாழைகளை நாற்றுவிட்டு நடுகின்றன. நாற்றங்கால்களை நடத்துபவர்களில் பெண்கள் பலர். வறண்ட அந்தப் பகுதியில் கற்றாழை வேலியாகிறது, மண்ணரிப்பைத் தடுக்கிறது, பஞ்ச காலத்தில் மாட்டுத் தீவனமாகிறது. சிக்கலும் அங்கேதான்: இளம் பூந்தண்டு மாட்டுக்கும் தீவனம், மனிதருக்கும் உணவு. பூக்கும் முன்பே வெட்டுகிறார்கள். வெட்டாதே என்று சொல்வதற்கு முன், வறட்சியில் மாட்டுக்கு வேறு என்ன போடுவது என்ற கேள்விக்கு விடை வேண்டும். களத்தில் இருப்பவர்கள் மேய்ச்சலை மாற்றி அமைப்பதையும் தீவன வழிகளையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

அங்கு நடப்படும் கற்றாழை இனங்கள் பூக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும், சிலவற்றுக்கு இருபதும் ஆகலாம். 2018-இல் மண்ணில் இறங்கிய நாற்று முதல் வௌவாலுக்குத் தேன் கொடுப்பது 2030களில். அது வரைக்கும் வடக்கே போகும் தாய் வௌவால்களுக்கு, இன்று மலைச்சரிவில் தானாக வளர்ந்து நிற்கும் பழைய செடிகளே சாப்பாடு. நடுவதோடு கூடவே, நிற்பவற்றின் பூந்தண்டை வெட்டாமல் விட ஊர்கள் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.